பாதையை விட்டு இறங்காதீர்கள்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் லண்டன் கிளையின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



லண்டன் கிளையின் சார்பில் கொஞ்ச நேரம் பேசும்படி கேட்டிருந்தீர்கள். எங்கள் கிளையின் வரவு செலவு, இராப்போசன விருந்துகள், புலமைப்பரிசில் நிதி எல்லாம் செயலாளரின் அறிக்கையில் இருக்கின்றன. அவற்றைத் திரும்பவும் வாசித்து உங்களைச் சோதிக்க நாங்கள் விரும்பவில்லை. அதற்குப் பதிலாக, நாங்கள் சேர்ந்து போய்வந்த ஒரு காட்டைப் பற்றிச் சொல்லப் போகிறோம்.

காடா என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. எங்கள் வீடுகளிலும் சிரித்தார்கள். "இஞ்ச வந்தும் காட்டுக்கையோ போகப் போறியள் பிள்ளையள்?" என்று எங்களில் ஒருத்தியின் மாமியார் கேட்டார். அந்தக் கேள்வியில் பகிடி பாதி, பயம் பாதி. அந்தப் பயத்தைப் பற்றியும் பேச வேண்டும் என்றுதான் இந்தத் தலைப்பை எடுத்தோம்.

லண்டனின் வடமேற்கில் ஹரோ, நோர்த்தோல்ட், றைஸ்லிப் பகுதிகளில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். கோயில், தமிழ்ப் பள்ளிக்கூடம், நடன வகுப்பு, கறித்தூள் கடை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். அதே தூரத்தில்தான் றைஸ்லிப் காடுகளும் இருக்கின்றன. பார்க் வூட், கொப்ஸ் வூட், மாட் பெஸ் வூட், பேஹர்ஸ்ட் வூட் என்று நான்கு காடுகள், அவற்றோடு ஒட்டிய புல்வெளிகள், எல்லாமாக 300 ஹெக்டேயருக்குச் சற்று அதிகம். 1997இல் அதைத் தேசிய இயற்கை ஒதுக்கிடமாக அறிவித்தார்கள். இங்கிலாந்தில் நகர்ப்புறம் ஒன்றில் அப்படி அறிவிக்கப்பட்ட முதலாவது இடம் அதுதான். நிலக்கீழ் ரயிலில் ஏறிப் போய், பிறகு நடந்தே அடையக்கூடிய காடு.

இருந்தும் இருபது வருடமாக நாங்கள் அதற்குள் காலடி வைக்கவில்லை. காட்டின் ஓரத்தில் லீடோ என்று ஒரு நீர்த்தேக்கம் உண்டு. 1811இல் கால்வாய் ஒன்றுக்குத் தண்ணீர் கொடுப்பதற்காகக் கட்டியது. அங்கே மணற்கரையும் சின்னஞ்சிறு ரயிலும் இருப்பதால் பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது கூட்டிப் போயிருக்கிறோம். கோன் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்துவிட்டு, மரங்கள் தொடங்கும் இடத்தோடு திரும்பி வந்துவிடுவோம். ஏன் திரும்பினோம் என்று அப்போது யாரும் யாரையும் கேட்டதில்லை.

ஒரு நாள் செயற்குழுக் கூட்டம். வழமைபோல ஒரு வீட்டு முன்னறையில் ரோல்ஸ், வடை, கேக், இரண்டு தரம் தேநீர். சாப்பாடு முடிந்ததும் கைப்பைகளைத் திறந்து பிரஷர் குளிசையும் சீனிக் குளிசையும் எடுத்தவர்களை எண்ணிப் பார்த்தோம். எங்களில் வைத்தியத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கிளினிக்கில் எல்லா நோயாளிகளுக்கும் "நடவுங்கோ, வெயில் படுங்கோ" என்று சொல்லுகிறோம். வடநாட்டுக் குளிரில் நம் நிறமுள்ள தோலுக்கு விற்றமின் டி போதாமல் போவது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் எங்கள் சங்கத்தைக் கதிரையில் இருத்தி வைத்து எண்ணெய்ப் பலகாரம் கொடுத்துக்கொண்டிருந்தோம். அடுத்த கூட்டத்தைக் காட்டில் நடந்துகொண்டே வைப்போம் என்று அன்றைக்குத் தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவர் ஒரு பல் வைத்தியர். வழிமொழிந்தவர் எண்பது வயதைத் தாண்டிய எங்கள் மூத்த அக்கா.

மே மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை பதினாலு பேர் போனோம். சப்பாத்தும் நீளக் காற்சட்டையும் போட்டு வரும்படி முதலே சொல்லியிருந்தோம். ஆனாலும் இரண்டு பேர் சேலையில் வந்தார்கள். மூன்று பேர் புளிச்சாதம் கட்டி வந்தார்கள்.

பார்க் வூட்டுக்குள் நுழைந்து சிறிது தூரம் நடந்ததும் எல்லோரும் கதையை நிறுத்திவிட்டோம். பதினாலு பழைய மாணவிகள் ஒரே நேரத்தில் வாய்மூடி நிற்பது எவ்வளவு அரிது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மரங்களின் அடியில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை, நிலம் முழுவதும் நீலம். புளூபெல் என்ற பூ. தண்டு ஒரு பக்கமாக வளைந்து, மணிகளைப் போலப் பூக்கள் தொங்கும். மரங்கள் இலை விட்டு நிழல் மூடுவதற்கு முன் கிடைக்கும் வெளிச்சத்தைக் கொண்டு வளர்ந்து பூத்துவிடும். உலகத்திலுள்ள புளூபெல்களில் ஏறத்தாழப் பாதி பிரித்தானியாவில்தான் இருக்கின்றன என்கிறார்கள். கிழங்கோடு பிடுங்குவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பாதையோரத்தில் ஒரு சின்னப் பலகை நின்றது. தயவுசெய்து பாதையை விட்டு இறங்காதீர்கள் என்று எழுதியிருந்தது.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி அந்தப் பலகைக்கு முன்னால் நின்றுவிட்டாள். அவளுடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம், பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். "நீங்கள் போயிற்று வாங்கோ. நான் இதிலேயே நிக்கிறன்" என்றாள். முகத்தில் இரத்தம் இல்லை. எங்களில் எவரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

1995 ஐப்பசிக் கடைசியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் மழைக்குள் நடந்து தென்மராட்சிக்குப் போனபோது எங்களுக்குப் பதினைந்து, பதினாறு வயது. மாமரத்துக்குக் கீழே வாங்கு போட்டுத் தாவரவியல் படித்தோம். கரும்பலகை இல்லாத குறையை எங்கள் ரீச்சர், தலைக்கு மேலே தொங்கிய இலையைப் பிடுங்கிக் காட்டித் தீர்த்தார். எங்களில் சிலருடைய குடும்பங்கள் கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்குப் போயின. அவர்களுக்குக் காடு என்றால் பாலையும் முதிரையும், மலேரியாவும் பாம்பும், தறப்பாளுக்கு மேலே விழும் மழையும். மற்றவர்கள் 1996 சித்திரையில் திரும்பி ஊருக்குப் போனோம். வளவுகளில் ஆளுயரத்துக்குப் புல் வளர்ந்திருந்தது. அந்தப் புல்லுக்குள் விறகு பொறுக்கப் போன எங்கள் தோழியின் அண்ணா, ஒரு காலோடுதான் வந்தார்.

2002இல் ஏ9 வீதி திறந்தபோது நாங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்தோம். முகமாலைப் பக்கம் பஸ் மணிக்கணக்கில் நிற்கும். வீதியின் இரண்டு கரையிலும் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள். ஆண்களும் சரி பெண்களும் சரி, எவ்வளவு அவசரமென்றாலும் தாரை விட்டு ஒரு அடி கீழே வைக்கமாட்டோம். புல் என்றால் கால் வைக்கக்கூடாத இடம். அதை எங்களுக்கு யாரும் பாடமாகச் சொல்லித்தரத் தேவைப்படவில்லை, உடம்பு தானாகவே படித்துக்கொண்டது. காட்டு ஓரத்தோடு நாங்கள் ஏன் இருபது வருடம் திரும்பித் திரும்பி வந்தோம் என்பது, அந்தப் பலகைக்கு முன்னால் நின்றபோதுதான் எங்களுக்கு விளங்கியது.

அன்றைக்கு அவ்வழியாகக் காட்டைப் பராமரிக்கும் தொண்டர் ஒருவர் வந்தார். வயதான வெள்ளைக்காரர். நாங்கள் தயங்கி நிற்பதைப் பார்த்து, பலகைக்குக் காரணம் சொன்னார். புளூபெல்லின் இலையை ஒரு தரம் மிதித்தால் அது நிமிராது. இலை போனால் கிழங்குக்கு உணவு போகாது. பலர் மிதித்த இடம் திரும்பப் பூக்கப் பல வருடம் எடுக்கும். விதை விழுந்து முதற் பூ வருவதற்கே சுமார் ஐந்து வருடம் வேண்டும். "உங்களுக்கு ஒன்றும் ஆகாது, பூவுக்குத்தான் ஆகும்" என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார். எங்களிடம் என்ன இருந்தது என்று அந்த மனிதருக்குத் தெரியாது. ஆனால் எங்கள் தோழி அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் மூத்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, பாதையின் நட்டநடுவால், மெல்ல மெல்ல நடந்து வந்தாள்.

அந்தத் தொண்டரிடம் கேட்டும், பிறகு தேடி வாசித்தும் நாங்கள் தெரிந்துகொண்டவை சில உண்டு. இங்கிலாந்தில் 1600ஆம் ஆண்டிலிருந்து இடைவிடாமல் காடாக இருந்துவரும் நிலத்தைத்தான் 'பழங்காடு' என்று கணக்கில் எடுக்கிறார்கள். அதற்கு முன்பு மரம் நட்டுக் காடாக்கும் பழக்கம் மிகக் குறைவு. ஆகவே அன்றைக்குக் காடாக இருந்தது, அதற்கும் வெகுகாலம் முன்பே காடாக இருந்திருக்கும் என்பது நியாயம். முழு நாட்டிலும் அத்தகைய நிலம் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அளவில்தான் மிஞ்சியிருக்கிறது. றைஸ்லிப்பில் வனவிலங்குகளுக்கான வேலியிட்ட வனம் ஒன்று இருந்ததாக 1086ஆம் ஆண்டு நிலப் பதிவேடே சொல்லுகிறது. 1339இல் லண்டன் டவர் கோட்டை வேலைக்கு இங்கிருந்து ஓக் மரம் போயிருக்கிறது. மாட் பெஸ் வூட்டுக்கு அந்தப் பெயர், இராவில் காட்டுக்குள் திரிந்து வேட்டைத் திருடரைப் பிடித்த ஒரு காவற்காரரின் மனைவியால் வந்தது என்று அந்த ஊரில் கதை. வேலையை ஒழுங்காகச் செய்த பெண்ணுக்கு விசரி என்று பட்டம் கொடுப்பது எல்லா ஊருக்கும் பொது என்று எங்கள் மூத்த அக்கா சொன்னார்.

பழங்காட்டின் பெறுமதி மரத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை. கலப்பை படாத மண்ணில், அந்த மண்ணிலுள்ள பூஞ்சணத்தில், கிழங்கில், விதையில் இருக்கிறது. வெள்ளை அனிமோனி என்ற சின்னப் பூ ஒன்று அங்கே உண்டு. நூறு வருடத்தில் அது ஆறடி அளவுதான் பரவும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எங்கள் சங்கத்தின் முழு வயதுக்கும் ஆறடி! இன்றைக்கு ஆயிரம் மரக்கன்று நட்டாலும் அந்த ஆறடியை ஒரு வருடத்தில் வாங்க முடியாது.

இன்னொன்றும் எங்களை ஆச்சரியப்பட வைத்தது. அங்கே ஓக் மரங்களுக்கு இடையில் ஹோர்ன்பீம் என்ற மரம் நிறைய உண்டு. இரும்பு போன்ற வைரம், விறகுக்கும் கரிக்கும் பேர்போனது. அதைப் பல நூற்றாண்டுகளாக அடிக்கட்டையோடு வெட்டி, துளிர்க்க விட்டு, வருடக் கணக்கில் வளர்த்துத் திரும்ப வெட்டி வந்திருக்கிறார்கள். வெட்ட வெட்ட அடிமரம் சாகாமல் நீண்ட காலம் இருக்கும். எங்களுக்கு அது புதிதாகவா இருக்கும்? கிளுவையும் பூவரசும் கதியாலாக நட்டு, வருடம் தவறாமல் கிளை வெட்டி, குழையைத் தோட்டத்துக்குத் தாழ்த்தி, வேலியடைத்த ஊரல்லவா நம்முடையது. இப்போதும் அங்கே பகுதி பகுதியாக அப்படி வெட்டுகிறார்கள். வெட்டிய இடத்தில் வெயில் விழும். மண்ணுக்குள் பல வருடம் தூங்கிக் கிடந்த விதைகள் முளைக்கும்.

ஆனி மாதக் கடைசியில் இரண்டாம் முறை போனபோது, வெட்டித் திறந்த ஒரு வெளிச்சத் துண்டில் ஊதா நிறக் குழாய்ப் பூக்கள் அடுக்கடுக்காக நின்றன. ஃபொக்ஸ்குளோவ். 1785இல் வில்லியம் விதறிங் என்ற ஆங்கில வைத்தியர் இதன் இலையைக் கொண்டு நீர்க்கோவைக்கு வைத்தியம் செய்து நூல் எழுதினார். இந்த இனத்துச் செடிகளிலிருந்து வந்ததுதான் இதயத்துக்கு நாங்கள் எழுதிக்கொடுக்கும் டிஜொக்சின். மருந்தியல் வகுப்பில் பெயரைப் பாடமாக்கி, இருபது வருடமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, செடியை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டோம். எந்தப் பாகத்தைத் தின்றாலும் நஞ்சு என்பதால் கூடவந்த பிள்ளைகளுக்குக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கச் சொன்னோம். மாமரத்துக்குக் கீழே இலையைப் பிடுங்கிக் காட்டிய எங்கள் ரீச்சர் அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.

கொப்ஸ் வூட்டின் ஓரத்தில் ஒரு திறந்த வெளி இருக்கிறது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'ஏழைகளின் வெளி'. ஊரிலுள்ள ஏழைகள் மாடு மேய்க்க உரிமை பெற்றிருந்த பொது நிலம். இப்போதும் மாடுகளை மேயவிட்டுத்தான் அதைப் பராமரிக்கிறார்கள். மேய்ச்சலோ அறுப்போ நின்றுபோனால் சில வருடத்தில் முட்புதர் மூடிவிடும், பூக்கள் போய்விடும். காட்டுப் பூக்கள் நிறைந்த புல்வெளி மனிதரும் மாடும் சேர்ந்து காப்பாற்றுகிற ஒன்று.

அதிலும் ஒரு விசித்திரம். அந்தப் பூக்களுக்கு ஏழை மண்தான் வேண்டும். பசளை போட்டால் முரட்டுப் புல் பெருத்து எல்லாவற்றையும் அமுக்கிவிடும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930கள் தொடக்கம் இத்தகைய பூவெளிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு அழிந்து போனதற்கு உழவும் பசளையும் முக்கிய காரணங்கள். மீட்டெடுக்க நினைக்கிறவர்கள் செய்யும் வேலை எளிமையானது. பூ முடிந்து விதை உதிர்ந்த பிறகு புல்லை அறுப்பார்கள், அறுத்ததை அப்படியே விடாமல் அள்ளி அகற்றுவார்கள், பசளை போடமாட்டார்கள். அடுத்த வருடமும் அதையே செய்வார்கள். மஞ்சள் கிலுக்கு என்று நாங்கள் பெயர் வைத்த ஒரு சின்னச் செடியையும் விதைப்பார்கள். காய்ந்த காயை ஆட்டினால் விதை கிலுகிலுக்கும். அது தன் வேரால் புல்லின் வேரைப் பிடித்து உறிஞ்சி, புல்லை அடக்கி, மற்றப் பூக்களுக்கு இடம் எடுத்துக் கொடுக்கும். கண்டிப்பான வகுப்புத் தலைவி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வெளியில் ஆள் நடந்து நடந்து தேய்ந்த ஒரு ஒற்றையடிப் பாதை உண்டு. இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குப் புல், இடையிடையே மஞ்சளும் ஊதாவுமாகப் பூக்கள். எங்கள் தோழி அதன் தொடக்கத்தில் நின்றாள். நாங்கள் முன்னாலும் பின்னாலும் நின்றோம். அவள் சப்பாத்தின் நுனியால் புல்லைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நடந்தாள். நடுவழியில் திரும்பி, "எடி, காலுக்குக் கீழை மெத்தெண்டிருக்கு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. புளிச்சாதத்தை அந்த வெளியிலேயே இருந்து சாப்பிட்டோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு முறை போகிறோம். அவள்தான் இப்போது நாள் குறிக்கிறாள்.

உலகெங்குமுள்ள பழைய மாணவிகளே, நீங்கள் ரொறன்ரோவில் இருந்தாலும் மெல்பேணில் இருந்தாலும் கொழும்பில் இருந்தாலும், உங்கள் வீட்டுக்குக் கிட்டவும் இப்படி ஓர் இடம் இருக்கும். ஒரு முறை போய்வாருங்கள். தனியே தயக்கமாக இருந்தால் கிளையாகப் போங்கள். வைத்தியராக ஒரே ஒரு எச்சரிக்கை: ஐரோப்பாவிலும் கனடாவிலும் புல்லுக்குள் உண்ணி உண்டு. காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் விட்டு நடவுங்கள். வீட்டுக்கு வந்து கால் மடிப்பு, கவட்டுப் பக்கம், பிள்ளைகளின் தலைமயிர் எல்லாம் பாருங்கள். கடித்திருந்தால் நுனி கூரிய சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேரே இழுத்து எடுங்கள். பிறகு வரும் வாரங்களில் வட்டமாகச் சிவப்புப் படர்ந்தால் வைத்தியரிடம் போங்கள். லைம் நோய்க்குத் தொடக்கத்திலேயே மருந்து எடுத்தால் சுகமாகிவிடும். இவ்வளவுதான். இதற்குப் பயந்து வீட்டுக்குள் இருக்காதீர்கள்.

இறுதியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாகப் புதிய கட்டடம் எழுப்பப் போகிறோம். எங்கள் கிளையும் மனமுவந்து பணம் தருகிறது. ஆனால் வரைபடம் கீறுவதற்கு முன், ஆய்வுகூடத்துக்குப் பின்னாலுள்ள இலுப்பையையும் வேம்பையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். சுவரைப் பத்தடி தள்ளிக் கட்டலாம். நூறு வயது மரத்துக்கு நூறு வருடம் வேண்டும், எந்தக் கிளையாலும் அதை அனுப்பிவைக்க முடியாது. அத்தோடு பின்மதிலோரம் ஒரு மூலையை, தும்பையும் குப்பைமேனியும் ஆவரசும் கீழ்க்காய்நெல்லியும் தாமாக முளைக்கிற அந்த மூலையை, சீமெந்து போடாமல், கூட்டிப் பெருக்காமல் விடுங்கள். வருடத்துக்கு ஒரு தரம் வெட்டி அகற்றினால் போதும். நடுவில் ஒரு ஒற்றையடிப் பாதை மட்டும் விடுங்கள்.

அந்த மூலையில் ஒரு பலகையும் வைப்போம். பாதையை விட்டு இறங்காதீர்கள் என்று அதில் எழுதுவோம். இன்றைக்கு அங்கே படிக்கிற பிள்ளைகள் அதை வாசிக்கும்போது, பூ மிதிபட்டுவிடும் என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தோன்ற வேண்டும்.